இரண்டு வீட்டுக்கும் ஒரு கம்பி

கீழ் வீட்டில் விளக்கு மங்கும்போதெல்லாம் மேல் வீட்டில் விளக்கு பளீரென்று எரியும். ஆனால் இதை முழுசாகப் பார்த்தவர் யாரும் இல்லை. கீழே இருந்த இளையவளுக்குத் தன் விளக்கு மங்குவது மட்டும்தான் தெரியும். மேலே இருந்த மூத்தவளுக்குத் தன் விளக்கு கண் கூச எரிவது மட்டும்தான் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்திருந்தால் ஒரே நாளில் விஷயம் வெளியே வந்திருக்கும். ஆனால் அவர்கள் பேச்சு வார்த்தையை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீடு அது. அண்ணனும் அவர் மனைவி மூத்தவளும் மேலே, தம்பியும் அவன் மனைவி இளையவளும் கீழே. ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் அடியில் ஒரு மரப்பலகையில் இரண்டு மீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சம்பந்திகள் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, ஒட்டியும் ஒட்டாமலும்.

தம்பி லாரி ஓட்டப் போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். இளையவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. முன் அறையில் சலவை நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். துவைப்பது வேறு இடத்தில். தேய்ப்பது அவள் வேலை. பக்கத்துக் கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகள், லாட்ஜின் படுக்கை விரிப்புகள், தெருவாசிகளின் சட்டை பேண்ட் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கனமான இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு வைத்திருந்தாள். ஒன்றில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மற்றது சூடாகிக்கொண்டிருக்கும். மூன்றாவதாகப் பழைய பெட்டி ஒன்று அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

மேலே பெரியவர், அதாவது மூத்தவளின் கணவர், கல் உடைக்கும் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். ஆலைத் தூசி அவர் நெஞ்சுக்குள் போய்க் குடியிருந்துவிட்டது. இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அவர் மூக்குக்கு. அந்த மெஷின் உறுமிக்கொண்டே இருந்தால்தான் மூத்தவளுக்கு வீட்டு வேலை ஓடும். சத்தம் கொஞ்சம் மாறினாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பாள்.

சண்டை வந்தது இந்த விளக்கால்தான். முதலில் மேலே பல்புகள் ஃப்யூஸ் ஆகத் தொடங்கின. புதுசாக வாங்கிப் போட்டால் ஒரு வாரம், பத்து நாள், பட்டென்று போய்விடும். மூத்தவள் கூர்ந்து கவனித்தாள். கீழே பெட்டி போட்டதும் மேலே வெளிச்சம் கூடுகிறது. அடுத்த நாள் படியிறங்கி வந்து கடை வாசலில் நின்றாள்.

“உன் பெட்டியால எங்க பல்பெல்லாம் போகுது. மெஷினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

இளையவளுக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். பெட்டி சரியாகச் சூடேறவில்லை, கோட்டின் காலர் மடங்கவே மாட்டேன் என்றது, விளக்கு வேறு அழுது வடிந்துகொண்டிருந்தது.

“நல்லா இருக்குக்கா கதை. இங்க வெளிச்சமே இல்லாம நான் தடவிக்கிட்டு நிக்கறேன். கரண்டு மொத்தத்தையும் மேல இழுத்துக்கிட்டு, என்னையே கேக்க வந்துட்டீங்களா?”

“நாங்க இழுக்கறோமா? ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு மெஷின். இதுல எத இழுக்கறது?”

“அப்ப என் கரண்டு எங்க போகுது? பக்கத்துத் தெருவுக்கா?”

“உன் கடைக்காக என் புருஷன் மூச்சு போகணும்னு நெனைக்கறியா நீ?”

அந்தக் கடைசி வார்த்தை வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. இளையவள் பெட்டியைத் தட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். மூத்தவள் மேலே போனாள். அதோடு சரி. அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிரெதிரே வந்தால்கூட, ஒருத்தி செருப்பின் வாரைச் சரிசெய்வாள், இன்னொருத்தி சுவரைப் பார்ப்பாள்.

அந்த வட்டாரத்தில் கரண்டு வேலை பார்ப்பவரை எல்லோரும் மின்னல் என்று கூப்பிடுவார்கள். வேகமாக வருவதால் வந்த பெயர் இல்லை. எப்போதாவது தலையைக் காட்டிவிட்டு உடனே காணாமல் போய்விடுவதால் வந்த பெயர். மூத்தவள் அவரை வரவழைத்தாள். மேலே ஒவ்வொரு சுவிட்சாகக் கழற்றிப் பார்த்தார், வோல்ட் மீட்டரை வைத்து அளந்தார், கம்பியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கீழேயும் ஒரு பார்வை பார்த்துவிடலாமா என்று கேட்டதற்கு, “அங்க எல்லாம் நாங்க போறதில்ல” என்றாள் மூத்தவள். சில நாள் கழித்து இளையவள் கூப்பிட்டாள். மின்னல் கீழே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்தார். வோல்டேஜ் சரியாகக் காட்டியது. மேலே ஏறிப் பார்க்கலாமா என்று இவளிடமும் கேட்டார்.

“மேல ஏறினா எறங்க விடமாட்டாங்க” என்றாள் இளையவள்.

மின்னல் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆக, மேல் வீடும் சரி, கீழ் வீடும் சரி. அப்படியானால் தப்பு எதிராளியின் மனசில்தான் இருக்கிறது என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள்.

இளையவள் தன் வழியில் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். விளக்கு மங்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘மேல இழுக்கறாங்களா? இழுக்கட்டும். நானும் இழுக்கறேன்’ என்று அலமாரியின் அடித்தட்டிலிருந்து மூன்றாவது பெட்டியை எடுத்துப் போடுவாள். அதில் தேய்க்கத் துணிகூட இருக்காது. சும்மா தட்டில் நிற்கும். அதைப் போட்டதும் விளக்கு இன்னும் மங்கும். ஆனால் மேலே ஏதோ ஒரு சத்தம் கேட்கும், மூத்தவளின் நடை வேகமாகும். அது இவளுக்குள் ஒரு குளிர்ச்சியைத் தந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்கிற குளிர்ச்சி இல்லை அது.

மூத்தவளும் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். வெளிச்சம் கூடும்போதெல்லாம், கரண்டு அதிகமாக வருகிறதே, மெஷினுக்கு ஆபத்தாகிவிடுமே என்று ஓடி ஓடி மற்றதையெல்லாம் அணைப்பாள். ஃப்ரிட்ஜை அணைப்பாள், டிவியை அணைப்பாள், சமையலறை விளக்கை அணைப்பாள். மெஷின் மட்டும் ஓடும். கணவனுக்கு மேல் ஒரு ஃபேன். மெஷினைக் காப்பாற்றிவிட்டதாக அவளுக்கு ஒரு நிம்மதி.

அன்றைக்கு வெயில் ஏறிய நேரம். கிளினிக்கிலிருந்து கோட்டுகளைச் சாயங்காலத்துக்குள் கேட்டிருந்தார்கள். இளையவள் இரண்டு பெட்டிகளையும் போட்டுவிட்டுக் கோட்டுகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு மங்கியது. பெட்டியை எடுத்துக் கோட்டின் முதுகில் ஓட்டினாள். சுருக்கம் அப்படியே இருந்தது. ஈரத்துணியில் வெதுவெதுப்பான கல்லை வைத்து இழுக்கிற மாதிரி இருந்தது.

“சரி” என்றாள் கூரையைப் பார்த்து. மூன்றாவது பெட்டியை எடுத்து மாட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டுப் பக்கமிருந்து ‘சர்’ரென்று ஒரு சத்தம் வந்தது. சூடான கல்லில் தண்ணீர் சொட்டினால் வருகிற சத்தம். அதோடு அவள் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கு அணைந்தது. மூலையில் இருந்த குண்டு பல்புக்குள் சிவப்பாக ஒரு கம்பி மட்டும் தெரிந்தது, அணையப்போகிற ஊதுவத்தி மாதிரி. பெட்டிகளில் எரிகிற சின்னச் சிவப்பு விளக்குகளும் செத்துக் கிடந்தன.

அதே நொடியில் மேலே என்னவோ வெடித்தது. தரையில் கண்ணாடி சிதறும் சத்தம். அதைத் தொடர்ந்து, இத்தனை மாதமாகக் கூரை வழியாகக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன மெஷினின் உறுமல், குரல் கீச்சிட்டு மேலே போய், ‘டப்’ என்று ஓர் ஒலியோடு நின்றது. ஃபேன் மட்டும் வெறிபிடித்த மாதிரி சுற்றுகிற காற்றொலி கீழே வரைக்கும் கேட்டது.

மூத்தவள் படிக்கட்டின் உச்சிக்கு வந்து கத்தினாள். “அணைடி. எல்லாத்தையும் அணை. எரியுது இங்க.”

இளையவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மூன்று பெட்டிகளின் சுவிட்சையும் தட்டினாள். குண்டு பல்பையும் அணைத்தாள். அணைத்ததும் மேலே ஃபேன் சத்தமும் நின்றுபோனது.

“மொத்தமா அணைச்சிட்டியேடி, பாவி. மெயின ஏன்டி அணைச்சே?” என்று மேலிருந்து குரல் உடைந்து வந்தது.

மெயினை அவள் தொடவே இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். அந்த வாசற்படியை மிதித்து எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று அப்போது நினைக்கத் தோன்றவில்லை, பிறகுதான் தோன்றியது.

அறையில் சுட்ட ரப்பர் நாற்றம். மெஷினின் பின்பக்கத்திலிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது. பெரியவர் கட்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதட்டில் நீலம் பாரித்திருந்தது. பேச வாயெடுக்காமல், கண்ணால் மூலையைக் காட்டினார். அங்கே அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் நின்றிருந்தது.

இளையவள் முதலில் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள். மூத்தவள் சிலிண்டரின் தலையில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். அது நகரவில்லை. கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து யாரும் திறந்து பார்க்காத சிலிண்டர். அழுகையும் ஆத்திரமுமாக அவள் கை வழுக்கி வழுக்கி விழுந்தது.

“தள்ளுங்கக்கா.”

“முடியலடி, இறுகிக் கெடக்கு.”

“தள்ளுங்கன்னு சொல்றேன்ல.”

நாள் முழுக்க இரும்புப் பெட்டியைத் தூக்கி இறக்குகிற கை அது. முட்டியால் சிலிண்டரை இடுக்கிக்கொண்டு, சாவியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினாள். முதலில் அசையவில்லை. மறுபடி அமுக்கியபோது கிறீச்சிட்டுத் திரும்பியது. ‘ஸ்ஸ்’ என்று காற்று வந்தது. மூத்தவள் குழாயை மாற்றிச் செருகினாள். மாட்டுகிற வேலையில் அவள் கை துல்லியமாக இருந்தது. தினமும் செய்கிற வேலை. பெரியவரின் மூக்கில் குழாயைச் சரியாக வைத்துவிட்டு, முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

தோள்களின் ஏற்ற இறக்கம் மெதுவாகக் குறைந்தது. உதட்டின் நீலம் வடிந்தது. அதற்கப்புறம்தான் மூத்தவள் திரும்பினாள்.

“என்ன கோவம் இருந்தாலும் மெயின அணைக்கலாமா நீ?”

“நான் மெயினத் தொடலக்கா. பெட்டியத்தான் அணைச்சேன். நீங்கதானே அணைக்கச் சொன்னீங்க.”

“பெட்டிய அணைச்சா மேல ஃபேன் எதுக்கு நிக்கும்?”

“எனக்கென்ன தெரியும்?”

சொல்லிவிட்டு இளையவள் நின்றாள். மூத்தவள் அண்ணாந்து, நின்றுபோன ஃபேனைப் பார்த்தாள். கீழே பெட்டியை அணைத்தால் மேலே ஃபேன் நிற்கிறது. இது சண்டைக்குள் அடங்குகிற விஷயமாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே கேள்வியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெரியவர் கையை லேசாகத் தூக்கினார். “மின்னல… கூப்பிடுங்க” என்றார். மூச்சு வாங்கிவிட்டு, “ரெண்டு பேரும்” என்றார்.

அவர் சொன்னதை இருவரும் அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு போனிலிருந்தும் ஒரே நேரத்தில் அடித்தார்கள். மின்னல் அன்றைக்குப் பெயருக்குக் களங்கம் வருகிற மாதிரி உடனே வந்து சேர்ந்தார்.

“ரெண்டு நம்பரும் ஒண்ணா வந்துச்சு. ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டீங்களோன்னு பயந்துட்டேன்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. மெஷினைப் பார்த்ததும் அவருக்கும் சிரிப்பு போய்விட்டது.

நடந்ததை இரண்டு பேரிடமும் கேட்டார். இளையவள் தன் பாதியைச் சொன்னாள், மூத்தவள் தன் பாதியைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

“கீழ மங்கும்போது மேல கூடுமா? ரெண்டும் ஒரே நேரத்துலயா?”

“மேல கூடுறது எனக்கெப்படித் தெரியும்?” என்றாள் இளையவள்.

“கீழ மங்குறதா இவ சொல்லவேயில்லையே” என்றாள் மூத்தவள்.

“சொன்னேன். நீங்க கேக்கல.”

“இருங்க, இருங்க” என்றார் மின்னல். “இத அப்பவே யாராவது ஒருத்தர் சேத்துச் சொல்லியிருந்தா… சரி, நானும் ரெண்டு தடவ வந்து ரெண்டு தடவையும் ஒரு வீட்டத்தான் பாத்தேன். எம்மேலயும் தப்பு இருக்கு.”

பையிலிருந்து இரண்டு பழைய குண்டு பல்புகளை எடுத்தார். ஒரே அளவு பல்புகள். ஒன்றை மேல் வீட்டில் மாட்டினார், ஒன்றைக் கீழ் வீட்டில். இரண்டு வீட்டிலும் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொன்னார். மூத்தவள் மேல் வாசலில், இளையவள் கடை வாசலில், மின்னல் நடுவே படிக்கட்டின் அடியில் பலகைக்கு முன்னால்.

“மேல போடுங்க. கீழ போட வேணாம்.”

“போட்டாச்சு. எரியல” என்றாள் மூத்தவள் மேலிருந்து.

“கீழ போடுங்க.”

இளையவள் போட்டாள். அவளுடைய பல்பு எரிந்தது. அதே சமயம் மேலிருந்து, “எரியுது, எரியுது” என்று குரல் வந்தது.

“கீழ அணைங்க.”

அணைத்தாள். “போயிடுச்சு” என்றாள் மூத்தவள். கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற குரலில், “அவ அணைச்சா எனக்கு எப்படிப் போகும்?” என்றாள்.

“இப்ப மேல அணைங்க. கீழ போடுங்க.”

இப்போது கீழே எரியவில்லை. இளையவள் சுவிட்சை இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்தாள். பல்பு அசையாமல் தொங்கியது.

“அக்கா, நீங்க போடுங்க” என்று கத்தினாள்.

“போட்டேன்.”

இரண்டும் எரிந்தன. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவளை அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அதற்குப் பதிலும் வருகிறது என்பது கொஞ்ச நேரம் கழித்தே இளையவளுக்கு உறைத்தது.

மின்னல் இருவரையும் கீழே வரச் சொன்னார். மெயின் இரண்டையும் அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, பலகையைச் சுவரிலிருந்து நகர்த்தி டார்ச் அடித்துக் காட்டினார். பின்னால் ஒரு முடிச்சு. கறுப்பு டேப் உருகி வழிந்திருந்தது. உள்ளே ஒரு கம்பி வெள்ளையாகப் பூத்துப்போய், இன்னொரு கம்பியிலிருந்து நெல் மணி அளவு விலகி நின்றது. சுற்றியிருந்த பலகை கரிந்திருந்தது.

“இதுதான் நியூட்ரல். கரண்டு திரும்பிப் போற கம்பி. உங்களுக்கு வர்ற கம்பி வேற, அவங்களுக்கு வர்ற கம்பி வேற. ஆனா திரும்பிப் போறதுக்கு ரெண்டு பேருக்கும் இது ஒண்ணுதான். ரெண்டாவது மீட்டர் வச்ச ஆளு அலுமினியத்தையும் செம்பையும் வெறுமனே முறுக்கி டேப்பச் சுத்திட்டுப் போயிட்டான். அந்த எடத்துல உப்புப் பூத்து, லூசாகி, தடை ஏறிடுச்சு. தடை இருக்கற எடத்துல கரண்டு போனா சூடாகும். கரண்டு ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. சூடானா இன்னும் லூசாகும். இன்னைக்கு விட்டுப் போச்சு.”

“விட்டுப் போச்சுன்னா ரெண்டு வீடும் அணையணும்தானே?” என்றாள் இளையவள்.

“அங்கதான் விஷயம். திரும்பிப் போக வழியில்லாத கரண்டு, உங்க வீட்டுக்குள்ள வந்து, அவங்க வீடு வழியா வெளிய போகுது. அவங்களது உங்க வழியா. ரெண்டு வீடும் ஒரே வரிசையில மாட்டின மாதிரி. அதனாலதான் ஒருத்தர் அணைச்சா இன்னொருத்தருக்கும் இல்ல. அதோட, ரெண்டு வீட்டுக்கும் பிரிச்சுக் குடுக்க வேண்டிய வோல்டேஜு ஒரே மூட்டையா வந்து நிக்குது. யாரு வீட்டுல தடை ஜாஸ்தியோ அங்க ஜாஸ்தி வோல்டேஜு போய் விழும்.”

“என் வீட்டுல தடை ஜாஸ்தியா?” என்றாள் மூத்தவள்.

“சின்னச் சின்ன சாமானுக்குத் தடை ஜாஸ்தி, கரண்டு கம்மியா எடுக்கும். இஸ்திரிப் பெட்டிக்குத் தடை கம்மி, கரண்டு நெறைய எடுக்கும். கீழ பெட்டி போடப் போட, கீழ தடை எறங்கும். வோல்டேஜு மேல ஏறும்.” அவர் இளையவளைப் பார்த்தார். “எத்தன பெட்டி போடுவீங்க?”

“ரெண்டு.”

மின்னல் தலையாட்டிவிட்டு மனசுக்குள் கணக்குப் போட்டார். “ரெண்டுன்னா… இந்த முடிச்சு விட்டுப்போற அளவுக்குச் சூடாகாதே…”

“இன்னைக்கு மூணு” என்றாள் இளையவள்.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது பெட்டியில் தேய்க்க ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கீழே எத்தனை பெட்டி, எத்தனை கை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இளையவள் தரையைப் பார்த்தாள். காதுமடல் சுட்டது. மேலே நடை வேகமாவதைக் கேட்டுத் தனக்குள் வந்த அந்தக் குளிர்ச்சி இப்போது நினைவுக்கு வந்தது. அந்த நடை எதற்கு வேகமானது, யாரைப் பார்க்க ஓடியது என்பதை அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“மேல அப்ப என்னென்ன ஓடிச்சு?” என்று மின்னல் கேட்டார். அவருக்கு இந்தப் பார்வைகள் ஒன்றும் புரியவில்லை.

“மெஷினும் ஃபேனும் ஒரு லைட்டும்தான். வெளிச்சம் கூடினா நான் மத்ததெல்லாம் அணைச்சிடுவேன். மெஷினுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு.”

மின்னல் சற்றுத் தயங்கினார். “அணைச்சிருக்கக் கூடாதும்மா. எல்லாத்தையும் போட்டு வச்சிருந்தா மேல தடை எறங்கியிருக்கும், வோல்டேஜும் கொஞ்சம் எறங்கியிருக்கும். ஒவ்வொண்ணா அணைக்க அணைக்க மொத்தமும் மெஷின் தலையிலதான் விழுந்திருக்கும்.”

மூத்தவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “நான் காப்பாத்தறேன்னு நெனச்சேன்” என்றாள்.

மின்னல் மின்வாரியத்துக்குப் போன் செய்துவிட்டு, இருவரையும் மெயினைத் தொடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். சிலிண்டரில் இருப்பது எத்தனை நேரம் தாங்கும் என்று தெரியாது. இளையவள் தெரிந்த ஆட்டோவைக் கூப்பிட்டு, கிளினிக்குக்குப் போய் நின்றாள். தேய்க்காத கோட்டுகளைக் கேட்டுத் திட்டப்போகிறார்கள் என்று பயந்துகொண்டு போனவளிடம், விஷயத்தைக் கேட்ட நர்ஸ் கோட்டுப் பேச்சே எடுக்காமல் இரண்டு சிலிண்டர்களை எடுத்துக் கொடுத்தாள். ஆட்டோவிலிருந்து அவற்றை மேலே ஏற்றியதும் இளையவள்தான். ஒவ்வொரு படியாக உருட்டி ஏற்றினாள்.

மறுநாள் வாரிய ஆட்கள் வந்தார்கள். அலுமினியத்தையும் செம்பையும் சேர்க்கிற தனி இணைப்புத் துண்டை வைத்து அழுத்திப் பொருத்தினார்கள். கரிந்த பலகையைத் தூக்கியெறிந்து புதுசு வைத்தார்கள். அது முடிந்த பிறகு மின்னல் மேலும் கீழும் ஏறியிறங்கி அளந்து பார்த்தார். கீழே இரண்டு பெட்டி போட்டாலும் மேலே முள் அசையவில்லை. வோல்டேஜ் ஏறினாலோ இறங்கினாலோ தானே கரண்டைத் துண்டித்துவிடுகிற சின்னக் கருவி ஒன்றை இரண்டு வீட்டுக்கும் மாட்டிவிட்டார்.

மெஷினைப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொடுக்க நாள் பிடித்தது. அதுவரைக்கும் சிலிண்டர்தான். முள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூத்தவள் குளிக்கப் போனால் இளையவள் மேலே வந்து உட்காருவாள். பெரியவர் படுப்பதில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கூரைக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒரு மதியம் பெரியவர் கண்ணயர்ந்திருந்தார். மூத்தவள் ஈரத் தலையோடு வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். வெகுநேரம் தலையைத் துவட்டினாள்.

“மூணாவது பெட்டி எதுக்குடி போட்டே?” என்றாள், குரலை உயர்த்தாமல்.

இளையவள் பதிலைத் தேடவில்லை. “கோவம்க்கா. நீங்க ஓடற சத்தம் கேக்கும். கேக்கட்டும்னு போட்டேன்.”

மூத்தவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று இளையவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“இவருக்கு ஒண்ணு ஆகியிருந்தா உன்ன நான் மன்னிச்சிருக்க மாட்டேன்” என்றாள் மூத்தவள். “இப்பவும் மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“சரிக்கா.”

“என்னயும் சேத்துத்தான் யோசிக்கறேன். சுவிட்ச அணைச்ச கை என்னுது.” சிறிது நேரம் கணவனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். “இனி கோவம் வந்தா பெட்டியப் போடாத. மேல வந்து கத்து. எனக்கும் பதிலுக்குக் கத்த வரும்.”

மெஷின் திரும்பி வந்தது. பழைய உறுமல் கூரை வழியாக மறுபடி கீழே கேட்கத் தொடங்கியது. இளையவளும் இப்போது தன்னையறியாமல் அந்தச் சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே தேய்த்தாள்.

அதற்காக அவர்கள் கொஞ்சிக் குலாவினார்கள் என்று சொல்ல முடியாது. அடுத்த வாரமே மொட்டைமாடிக் கொடியில் தகராறு. துவைத்து ஈரமாகவே வந்த லாட்ஜ் விரிப்புகளைக் கொடி முழுக்கக் காயப்போட்டிருந்தாள் இளையவள். மூத்தவளின் துணிகள் சுருட்டி ஓர் ஓரத்தில் தள்ளப்பட்டிருந்தன. மூத்தவள் கேட்டாள். இளையவள் நேராக மேலே ஏறிப்போய் வாசலில் நின்று பதில் சொன்னாள். இவள் ஒன்று சொல்ல, அவள் இரண்டு சொல்ல, பேச்சு கொடியிலிருந்து இறங்கி, போன வருஷம் யாருடைய வாளி யார் வீட்டில் இருந்தது என்பது வரைக்கும் போனது.

உள்ளேயிருந்து பெரியவர் கட்டிலின் சட்டத்தைத் தட்டினார். இருவரும் நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

“சண்டையப் போடுங்க” என்றார் அவர், குழாயை ஒரு விரலால் சரிசெய்துகொண்டே. “கதவச் சாத்திட்டுப் போடுங்க. தெருத் தூசியெல்லாம் உள்ள வருது.”

இளையவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பிறகு இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.